கால்சியம் ரியாக்டர்: ஆல்கலினிட்டி ஒரு நிலையில் நிற்கவில்லை, உதவுங்கள் (480 லிட்டர், எஸ்பிஎஸ் தொட்டி)

பவளத்தொட்டி (சிங்கப்பூர், செங்காங்) | திங்கள், இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது நான்கரை அடித் தொட்டி. சம்ப்போடு (கீழே இருக்கும் துணைத்தொட்டி) சேர்த்து 480 லிட்டர் தண்ணீர். எஸ்பிஎஸ் என்னும் சிறு பாலிப் (பவள உயிரி) கடின பவளங்களில் ஆக்ரோபோரா பதினான்கு, மான்டிபோரா ஐந்து, மணலில் எல்பிஎஸ் (பெரிய பாலிப் பவளம்) இரண்டு மூன்று இருக்கின்றன. தொட்டி வைத்து மூன்று வருடம் ஆகிறது.

இதுவரை கால்சியத்துக்கு ஒரு புட்டி, ஆல்கலினிட்டிக்கு (பவளம் எலும்பு கட்டத் தேவையான, நீரின் கார்பனேட் காரத்தன்மை) ஒரு புட்டி என்று, அளவாக ஊற்றும் டோசிங் பம்ப்பில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பவளங்கள் பெரிதாகப் பெரிதாகப் புட்டிகள் சீக்கிரம் காலியாகின்றன. வேலை விஷயமாக ஒரு வாரம் வெளியே போய்த் திரும்பினால் ஒரு புட்டியாவது காய்ந்து கிடக்கும். அதனால் போன மாதம் ஒருவரிடமிருந்து பழைய கால்சியம் ரியாக்டர் (கார்பன் டை ஆக்சைடால் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துத் தொட்டிக்கு விடும் கருவி) ஒன்றை வாங்கினேன். ஒரே அறை, 3 கிலோ மீடியா (கரைய வேண்டிய கல்) பிடிக்கும். 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், இரட்டை கேஜ் ரெகுலேட்டர், சொலினாய்டு (வாயுவைத் திறந்து மூடும் மின்வால்வு), பிஹெச் கன்ட்ரோலர் (அறைக்குள் பிஹெச் இலக்குக்கு இறங்கும்வரை வாயுவைத் திறந்துவைப்பது) எல்லாம் சேர்ந்தே வந்தன. சம்ப் நீரைத் தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பிலிருந்து ஒரு கிளை எடுத்து உள்ளே விட்டிருக்கிறேன். வெளிவரும் குழாயின் நுனியில் சின்ன வால்வு, அதிலிருந்து சம்ப்புக்குள் சொட்டு விழுகிறது. கன்ட்ரோலரில் 6.7 வைத்திருக்கிறேன். பபிள் கவுன்டரில் நிமிடத்துக்கு 30 குமிழி.

வியாழக்கிழமை புட்டிகளை நிறுத்திவிட்டு ரியாக்டரை ஓடவிட்டேன். அன்று ஆல்கலினிட்டி 8.4 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு). சனிக்கிழமை 7.6. இன்று 6.9. இரவில் அளவுக் குவளையைப் பிடித்து நிமிடத்துக்கு 20 மில்லி வரும்படி வால்வைத் திறந்துவைக்கிறேன். காலையில் பார்த்தால் 6 மில்லிதான் வருகிறது. குழாய் நுனியில் வெள்ளையாகப் பக்குக் கட்டியிருக்கிறது, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. ரியாக்டரைப் பற்றி ஆயிரம் தடவை படித்துவிட்டேன் போல இருக்கிறது, ஆனாலும் எங்கே தவறு என்று புரியவில்லை. பவளங்கள் இன்னும் நன்றாகத்தான் விரிந்திருக்கின்றன. அவை வாடுவதற்குள் சரிசெய்துவிட வேண்டும்.

அலைவாய் (சிங்கப்பூர், பிடோக்) | திங்கள், இரவு 11.25

தம்பி, 6.9 என்பது பயப்பட வேண்டிய எண் இல்லை. கடல்நீரே ஏறத்தாழ 7 டிகேஹெச்தான். எண் குறைவதைவிட அது ஏறி இறங்கும் வேகம்தான் ஆக்ரோபோராவுக்கு ஆகாது. அதனால் இன்று இரவே 8.4க்குத் தூக்கிவிட நினைக்காதீர்கள். பழைய புட்டிகளைப் பாதி அளவில் மறுபடி ஓடவிடுங்கள். ரியாக்டர் கைக்கு வரும்வரை அது தாங்கிப் பிடிக்கட்டும்.

எனக்கு நான்கு எண்கள் வேண்டும். தொட்டி ஒரு நாளைக்கு எத்தனை டிகேஹெச் சாப்பிடுகிறது? சொட்டு நிமிடத்துக்கு எத்தனை மில்லி? அந்தச் சொட்டின் ஆல்கலினிட்டி எவ்வளவு? கன்ட்ரோலர் பலகையில் இப்போது என்ன காட்டுகிறது (6.7 என்பது நீங்கள் வைத்த இலக்கு, நான் கேட்பது உண்மையில் நிற்கும் எண்)? இவை இல்லாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

பவளத்தொட்டி | செவ்வாய், காலை 7.10

நன்றி அண்ணா. புட்டிகளைப் பாதி அளவில் வைத்துவிட்டேன். தினமும் ஊற்றிய கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், அதன்படி தொட்டி நாளுக்கு 1.2 டிகேஹெச் எடுக்கிறது. கன்ட்ரோலரில் 7.0 காட்டுகிறது, 6.7க்கு இறங்கவே இல்லை. சொட்டின் ஆல்கலினிட்டியைத்தான் அளக்க முடியவில்லை. என் டிஜிட்டல் மீட்டர் 20 வரைதான் அளக்கும்.

உப்புக்காற்று (கனடா, ஸ்கார்பரோ) | செவ்வாய், காலை 9.40

தம்பி, மீட்டருக்கு எட்டாவிட்டால் தண்ணீரைக் கலந்து அளக்கலாம். சொட்டுநீர் ஒரு பங்கு, ஆர்ஓடிஐ தண்ணீர் (உப்பெல்லாம் நீக்கிய சுத்த நீர்) மூன்று பங்கு. வரும் எண்ணை 4ஆல் பெருக்குங்கள். ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து எடுத்தால் பிழை குறையும்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீருக்குள் குழாய் வைத்து ஊதினோமே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் பால்போல் கலங்கும். அத்தோடு நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளியும். கலங்கியது கால்சியம் கார்பனேட். தெளிந்தது அது கூடுதல் கார்பன் டை ஆக்சைடில் கரைந்து கால்சியம் பைகார்பனேட் ஆனதால். ரியாக்டருக்குள் நடப்பது அந்த இரண்டாம் பாதிதான். மூச்சுக்குப் பதில் சிலிண்டர், வெள்ளைத் துகளுக்குப் பதில் அரகோனைட் (ஒருவகைக் கால்சியம் கார்பனேட்) மீடியா. பவளம் எந்தக் கணக்கில் கால்சியமும் பைகார்பனேட்டும் எடுத்து எலும்பு கட்டுகிறதோ, அதே கணக்கில் இரண்டும் திரும்பி வருகின்றன. 1 டிகேஹெச் ஏறினால் கால்சியம் ஏறத்தாழ 7 பிபிஎம் ஏறும். ரியாக்டரின் அழகே அதுதான்.

தம்பியின் குழாய் நுனியில் பக்குக் கட்டுவதும் இதே கதைதான். சொட்டு வெளிக்காற்றில் படும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு பறந்துபோகும், தெளிந்தது மறுபடி கலங்கும், வால்வின் குறுகிய வாயில் சுண்ணாம்பாகப் படியும். எத்தனை தடவை சுரண்டினாலும் மறுநாள் வரும்.

இனி கணக்கு. 480 லிட்டர் × 1.2 = 576. இதுதான் நாளுக்குத் தேவை. சொட்டின் ஆல்கலினிட்டியிலிருந்து தொட்டியின் ஆல்கலினிட்டியைக் கழியுங்கள். 576ஐ அந்த மீதியால் வகுத்தால் நாளுக்கு எத்தனை லிட்டர் சொட்ட வேண்டும் என்று கிடைக்கும். அதை 1440 நிமிடத்தால் வகுத்துவிடுங்கள். அளந்துவிட்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

பாலைக்கடல் (ஷார்ஜா) | செவ்வாய், மதியம் 2.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 480 லிட்டருக்கு ரியாக்டர் தேவையா என்று எனக்கு இன்னும் சந்தேகம். சிலிண்டர், ரெகுலேட்டர், சொலினாய்டு, ப்ரோப் (பிஹெச் உணரி), சுழற்சிப் பம்ப் என்று பழுதாகக்கூடியவை ஐந்து. புட்டி முறையில் இரண்டு பம்ப் மட்டும்தான். பெரிய புட்டி வாங்கினால் வெளியூர்ப் பிரச்சினை தீர்ந்துவிடுமே. நான் 600 லிட்டரை ஆறு வருடமாகப் புட்டியிலேயே ஓட்டுகிறேன், ஆக்ரோபோரா நன்றாகவே வளர்கிறது. ரியாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வாங்கும் முன் யோசிக்க வேண்டியதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அலைவாய் | செவ்வாய், மாலை 6.30

பாலைக்கடல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாளுக்கு 0.5 டிகேஹெச்கூடச் சாப்பிடாத தொட்டிக்கு ரியாக்டர் வாங்காதே என்றுதான் நானும் சொல்வேன். 1.2 எடுக்கும் தொட்டி வேறு. கால்சியம் குளோரைடும் சோடியம் பைகார்பனேட்டும் ஊற்ற ஊற்ற, மிச்சமாகச் சாதாரண உப்பு தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். தண்ணீர் மாற்றித்தான் அதை இறக்க வேண்டும். ரியாக்டரில் அந்த மிச்சம் இல்லை. செலவும் பாருங்கள். 576 டிகேஹெச் லிட்டர் என்பது நாளுக்குச் சுமார் 10 கிராம் மீடியாதான், மாதத்துக்கு 300 கிராம்.

தம்பி, வால்வை எடுத்துவிடுங்கள். அங்கே இடைவிடாமல் ஓடக்கூடிய பெரிஸ்டால்டிக் பம்ப் (உருளைகளால் குழாயை அழுத்தி நீரைத் தள்ளுவது) ஒன்று போடுங்கள். சாதாரண டோசிங் பம்ப் அல்ல, அது 24 மணி நேரம் ஓடினால் சில வாரத்தில் தேய்ந்துவிடும். ரியாக்டரின் வெளிவாயிலிலிருந்து அது இழுக்க வேண்டும். ரிட்டர்ன் பம்ப் கிளையை அப்படியே விட்டால் அறை எப்போதும் நிரம்பியிருக்கும், வெளியே வருவதை மட்டும் பம்ப் தீர்மானிக்கும். குறுகலான வாய் எதுவும் இல்லாததால் பக்குக் கட்டினாலும் அடைக்காது. குழாய் நுனியைச் சம்ப் நீருக்கு மேலே விடுங்கள், சொட்டு கண்ணுக்குத் தெரியட்டும்.

பவளத்தொட்டி | செவ்வாய், இரவு 11.05

வால்வை 20 மில்லிக்குத் திறந்து மூன்று மணி நேரம் ஓடவிட்டு அளந்தேன். கலந்த நீர் 7.0. நான்கால் பெருக்கினால் 28! தொட்டியை 8 என்று வைத்தால் மீதி 20. 576 வகுத்தல் 20 என்றால் 28.8 லிட்டர், நிமிடத்துக்குச் சரியாக 20 மில்லி. அக்கா, கணக்குப் போட்டு முடித்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இருட்டில் தடவியிருக்கிறேன்.

பெரிஸ்டால்டிக் பம்ப் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது, நாளை வாங்கி மாட்டுகிறேன்.

பவளத்தொட்டி | சனி, காலை 8.20

அவசரம். ஆல்கலினிட்டி 9.9!

புதன் மாலை பம்ப் மாட்டினேன், புட்டிகளை நிறுத்தினேன். அப்போது தொட்டி 7.2. வியாழன் 8.2, நேற்று 9.1, இன்று காலை 9.9. சொட்டு 20 மில்லியில் அசையாமல் நிற்கிறது. பச்சை ஆக்ரோபோரா இரண்டில் நுனிகள் வெளுத்துவிட்டன, அரிசி முனை அளவுக்கு வெள்ளை. தொட்டியின் பிஹெச் காலையில் 7.6. ரியாக்டருக்குள்ளே தொண்டை கொப்பளிப்பது போல ஒரு சத்தம் வேறு. என்ன செய்ய?

உப்புக்காற்று | சனி, காலை 8.45

முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். சொட்டும் பம்ப்பையும் நிறுத்துங்கள். அறைக்குள் சுழற்சிப் பம்ப் மட்டும் ஓடட்டும். ஆல்கலினிட்டியை இறக்க அமிலம் எதுவும் ஊற்றாதீர்கள், அவசரப்பட்டுப் பாதித் தண்ணீரை மாற்றவும் வேண்டாம். தொட்டி தானாகவே நாளுக்கு 1 டிகேஹெச் சாப்பிட்டு இறக்கிவிடும். விளக்கின் வெளிச்சத்தை இரண்டு நாளைக்குக் கொஞ்சம் குறையுங்கள்.

இப்போது சொல்லுங்கள். புதன்கிழமை பம்ப் மாட்டியதைத் தவிர வேறு எதையாவது மாற்றினீர்களா?

பவளத்தொட்டி | சனி, காலை 9.05

மூடிவிட்டேன் அக்கா. ஆமாம், ஒன்று மாற்றினேன். கன்ட்ரோலர் 7.0லேயே நின்றதால் கார்பன் டை ஆக்சைடு போதவில்லை என்று நினைத்துக் குமிழியை 30லிருந்து 60 ஆக்கினேன். மறுநாள் காலையில் 6.7 காட்டியது. இலக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இப்போது சொட்டை அளந்தேன், மூடுவதற்கு முன் பிடித்து வைத்திருந்த நீர். 11 × 4 = 44.

அலைவாய் | சனி, காலை 9.40

அங்கேதான் தம்பி. செவ்வாய் இரவே உங்களுக்கு 28 கிடைத்துவிட்டது. தேவையும் 28தான். பலகையில் 7.0 என்று இருந்ததால் அது போதாது என்று தோன்றிவிட்டது. இந்தத் தவறை நானும் முதல் வருடத்தில் செய்து மேசை வடிவத்தில் வளர்ந்த பெரிய ஆக்ரோபோரா ஒன்றை இழந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பிஹெச் ஒரு வழிகாட்டி மட்டும். தொட்டிக்குப் போவது சொட்டின் ஆல்கலினிட்டி. இரண்டும் முரண்பட்டால் ஆல்கலினிட்டி சொல்வதையே நம்ப வேண்டும். அப்புறம், ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று பிறகு பிரிக்க முடியாது.

எனக்கு உங்கள் ப்ரோப் மேல்தான் சந்தேகம். அரகோனைட் மீடியாவில் 44 வர 6.7 போதாது. ப்ரோப்பைக் கழற்றிக் கழுவி, 7க்கான திரவத்திலும் 4க்கான திரவத்திலும் வைத்துப் பாருங்கள். எண்ணைத் திருத்த வேண்டாம், என்ன காட்டுகிறது என்று மட்டும் எழுதுங்கள். திரவம் புதிதாக உடைத்ததாக இருக்கட்டும்.

பவளத்தொட்டி | சனி, மாலை 4.50

7க்கான திரவத்தில் 7.35. 4க்கான திரவத்தில் 4.8. வாங்கும்போது அவர் 7, 10 இரண்டையும் வைத்துத்தான் திருத்தியிருந்தாராம், அதுவும் எப்போது என்று நினைவில்லை என்கிறார்.

உப்புக்காற்று | சனி, இரவு 8.10

பாருங்கள், எல்லாம் பொருந்துகிறது. உண்மையில் 3 அலகு வித்தியாசம் இருக்க, உங்கள் ப்ரோப் 2.55 அலகுதான் காட்டுகிறது. அதாவது ஒவ்வொரு அலகுக்கும் 0.85. பலகையில் 6.7 என்றால் 7.35லிருந்து 0.65 குறைவு. 0.65ஐ 0.85ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.76. அப்படியென்றால் அறைக்குள் உண்மையான பிஹெச் 6.2! செவ்வாய் காட்டிய 7.0 உண்மையில் 6.6. அன்று எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ரியாக்டர் ப்ரோப்பை எப்போதும் 7, 4 என்ற இரண்டில்தான் திருத்த வேண்டும். நாம் அளப்பது அந்த இரண்டுக்கும் நடுவில். 10 தொட்டியின் ப்ரோப்புக்கு. உங்களுடையது கிழப் ப்ரோப், மாற்றிவிடுங்கள். இது ஒன்றரை இரண்டு வருடத்தில் தேயும் பொருள்தான்.

6.2ல் மூன்று நாள் ஓடியிருந்தால் மீடியா குழைந்திருக்கும். திறந்து பாருங்கள்.

பவளத்தொட்டி | ஞாயிறு, இரவு 9.30

திறந்தேன். தரையில் பழைய துண்டை விரித்து, மூடியின் ஆறு திருகையும் கழற்றினேன். மேலே விரல் மொத்தத்துக்குத் தண்ணீரே இல்லை, வெறும் வாயு. அந்தக் கொப்பளிக்கும் சத்தம் அதுதான். சுழற்சிப் பம்ப் அந்த வாயுவை உறிஞ்சி மென்றுகொண்டிருந்திருக்கிறது. மேல் பாதி மீடியா துண்டு துண்டாக இருக்கிறது, விரலால் அழுத்தினால் சில உடைகின்றன. கீழே கையை விட்டால் தயிர்ச்சாதம் போல. ஒரு பிடி எடுத்தேன், விரலிடுக்கில் வெள்ளையாக வழிந்தது. நான்கு வாளித் தண்ணீர் ஊற்றி அலசினேன், 3 கிலோவில் ஒன்றரைக் கிலோதான் தேறியது.

தொட்டி இப்போது 8.9. பச்சை ஆக்ரோபோரா நுனியில் வெளுப்பு அப்படியே இருக்கிறது, பரவவில்லை. மற்றவை விரிந்திருக்கின்றன.

புதுமீன் (மதுரை) | ஞாயிறு, இரவு 10.15

இழை முழுவதும் படித்தேன், நிறையக் கற்றுக்கொண்டேன். ஒரு சந்தேகம். மீடியா என்பது பவளக் கல்தானே? இராமேஸ்வரம் பக்கம் கரையில் வெள்ளைக் கற்கள் ஒதுங்கிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கிக் கழுவி உடைத்துப் போட்டால் ஆகாதா? விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லையே.

மன்னார்க்கரை (தூத்துக்குடி) | ஞாயிறு, இரவு 11.00

தம்பி, தயவுசெய்து எடுக்காதீர்கள். கடின பவளங்கள் எல்லாமே 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பில் வந்தவை. உயிரோடு இருந்தாலும் கரையில் செத்து ஒதுங்கினாலும் பொறுக்கி வைத்துக்கொள்வது குற்றம்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் கடலில் தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள். 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. பவளக் கல்லைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல் போய் மணல் கரைந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வள்ளம் வள்ளமாகக் கல் வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். கரையில் கிடக்கும் கல் நமக்குத்தான் வீண். அது உடைந்து மணலாகித் தீவுக்கே திரும்பிப் போகும்.

நான் வீட்டில் மீன் மட்டும்தான் வளர்க்கிறேன். பவளம் பார்க்க வேண்டும் என்றால் படகில் போய்ப் பார்க்கிறேன்.

புதுமீன் | ஞாயிறு, இரவு 11.20

தெரியாமல் கேட்டுவிட்டேன் அண்ணா. எடுக்க மாட்டேன். தீவுகள் மூழ்கியது எனக்கு இன்றுதான் தெரியும்.

அலைவாய் | திங்கள், காலை 6.50

மன்னார்க்கரைக்கு நன்றி. இதை இங்கே யாராவது சொல்ல வேண்டும் என்று நானும் நினைத்ததுண்டு.

பவளத்தொட்டி தம்பிக்கு. பெரிய துண்டு மீடியாவாக வாங்குங்கள். பொடிசாக இருந்தால் சீக்கிரம் கரையும், ஆனால் அடையாகக் கட்டித் தண்ணீர் ஒரே வழியில் ஓடும். போடும் முன் ஆர்ஓடிஐ நீரில் தெளிவாகும்வரை அலசுங்கள். அந்தப் பொடியில் பாஸ்பேட்டும் வரும். அரகோனைட்டில் மெக்னீசியம் குறைவு. அதற்கென்று விற்கும் டோலமைட் (மெக்னீசியம் உள்ள கல்) துண்டுகளைப் பத்தில் ஒரு பங்கு கலந்தால் போதும். மாதம் ஒருமுறை மெக்னீசியத்தை அளந்து, 1300 பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

அறையை நிரப்பியதும் மேல்மூடியின் காற்றுத் திருகைத் திறந்து வாயு முழுவதையும் வெளியேற்றுங்கள். முதல் நாள் கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் வெறும் தண்ணீராக ஓடட்டும். கசிவு இருந்தால் அப்போதே தெரியும்.

ஒன்றை எல்லோரும் மறப்பார்கள். சுழற்சிப் பம்ப்பும் சொலினாய்டும் ஒரே சுவிட்சில் இருக்கட்டும். பம்ப் நின்று சொலினாய்டு மட்டும் ஓடினால், கரையாத வாயு மேலே சேரும். ப்ரோப் பிஹெச் இறங்கவில்லை என்று நினைக்கும். கன்ட்ரோலர் இன்னும் வாயுவைத் திறந்துகொண்டே இருக்கும்.

சிலிண்டர் விஷயம். நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் கட்டுங்கள். சாய்த்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடும். 20 டிகிரியில் உள்ளே 57 பார் அழுத்தம், நம் வீட்டு 30 டிகிரியில் 70ஐத் தாண்டும். அதனால் கேஜில் முள் ஏறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே முள் எவ்வளவு வாயு மிச்சம் என்றும் காட்டாது. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அப்படியே நின்று, கடைசியில் சடாரென்று விழும். எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். சிலிக்கோன் குழாய் வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு அதன் சுவர் வழியாகவே கசியும். பாலியூரிதேன் குழாய் போடுங்கள்.

பவளத்தொட்டி | திங்கள், இரவு 10.20

தொட்டி 8.0. புதுப் ப்ரோப், 7லும் 4லும் திருத்தினேன். புது மீடியா போட்டேன். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். ரெகுலேட்டர் நட்டில் ஒரே ஒரு இடத்தில் சின்னதாக நுரை வந்தது, வாஷரை மாற்றியதும் நின்றுவிட்டது. நாளை மாலை வாயுவைத் திறக்கிறேன். இலக்கு 6.6, குமிழி 30. வேறு எதையும் தொட மாட்டேன்.

பவளத்தொட்டி | அடுத்த திங்கள், இரவு 9.45

ஆறு நாள் கணக்கு. சொட்டு 20 மில்லி, அறை 6.6, சொட்டின் ஆல்கலினிட்டி 28, 29, 28, 28, 27, 28. தொட்டி 7.7லிருந்து மெதுவாக ஏறி 8.1ல் நிற்கிறது. கால்சியம் 425. ரியாக்டர் சத்தமே இல்லை, கதவை மூடினால் ஓடுகிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு குறை. காலையில் தொட்டியின் பிஹெச் 7.75. மாலையில் 8.05 வரை ஏறுகிறது. இரவு முழுவதும் ஏசி போட்டுச் சன்னலை மூடித்தான் தூங்குகிறோம்.

பாலைக்கடல் | செவ்வாய், காலை 11.30

வாழ்த்துகள்! இதற்கு என்னிடம் மருந்து இருக்கிறது. மூடிய வீட்டில் நாம் விடும் மூச்சே தொட்டிக்குள் கரைகிறது, ரியாக்டர் சொட்டில் மிஞ்சும் வாயு அதோடு சேர்கிறது. ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாக நீக்கும் கருவி) காற்றுக் குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பாருங்கள். அதுவே 0.1 ஏற்றலாம்.

அடுத்து, ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றும் தண்ணீரில் சுண்ணாம்புத் தெளிநீர் சேருங்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு, லிட்டருக்கு ஒன்றரை கிராம் போட்டால் முழுச் செறிவு. அது கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்றும், பிஹெச் ஏறும், கால்சியமும் கிடைக்கும். முழுச் செறிவில் ஆல்கலினிட்டி ஏறத்தாழ 114 டிகேஹெச், விளையாட்டில்லை. தெளிந்ததை மட்டும், இரவில், சொட்டு சொட்டாக விட வேண்டும். மொத்தமாகக் கவிழ்ந்தால் தொட்டி பாலாகிவிடும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா என்று இங்கே ஒருவர் முன்பு கேட்டிருந்தார். வேண்டாம். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. உணவுத் தரத்தில் தூளாகக் கிடைப்பதை வாங்குங்கள்.

உப்புக்காற்று | செவ்வாய், இரவு 8.00

நல்ல யோசனை, ஆனால் கணக்கைப் போட்டுவிட்டு ஊற்றுங்கள் தம்பி. நாளுக்கு எத்தனை லிட்டர் ஆவியாகிறது?

பவளத்தொட்டி | செவ்வாய், இரவு 9.15

மூன்று லிட்டர் அக்கா. நானே போட்டுப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். பாதிச் செறிவு என்றால் 57. மூன்று லிட்டருக்கு 171. 480ஆல் வகுத்தால் நாளுக்கு 0.36 டிகேஹெச். ரியாக்டர் தர வேண்டியது மீதி 0.84. 480 × 0.84 = 403. அதை 20ஆல் வகுத்தால் 20 லிட்டர், நிமிடத்துக்கு 14 மில்லி. அப்படியென்றால் தெளிநீர் தொடங்கும் அன்றே சொட்டை 14க்கு இறக்க வேண்டும்.

உப்புக்காற்று | செவ்வாய், இரவு 9.40

சரியாக இருக்கிறது. இந்த ஒரு தடவை மட்டும் இரண்டையும் சேர்த்து மாற்றலாம், ஏனென்றால் ஒன்று கூட்டுவதை மற்றது கழிக்கிறது. நான்கு நாள் காலை ஏழு மணிக்கு, அதே நேரத்தில், அதே மீட்டரில் அளந்து எழுதுங்கள். சொட்டு குறைந்ததும் அறைக்குள் பிஹெச் கொஞ்சம் இறங்கப் பார்க்கும், கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். சொட்டின் ஆல்கலினிட்டியை மட்டும் மறுநாள் ஒருமுறை பாருங்கள்.

பவளத்தொட்டி | ஞாயிறு, காலை 7.35

புதன் 8.1. வியாழன் 8.2. வெள்ளி 8.2. சனி 8.1. இன்று 8.2. சொட்டு 29. காலைப் பிஹெச் 7.95, ஸ்கிம்மர் குழாய் சமையலறைச் சன்னல் வழியாக வெளியே போகிறது.

வெளுத்த நுனிகளில் இரண்டின் மேல் பழுப்பாகப் பாசி பிடித்துவிட்டது, அவற்றைக் கத்தரித்துவிட்டேன். மூன்றாவது கிளையில் வெள்ளைக்குப் பக்கவாட்டில் கடுகளவுக்குப் பச்சையாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பாலிப்தான். கையெல்லாம் உப்பு, மகள் போன் பிடித்து எடுத்த படம் தெளிவாக இல்லை. மாலை நீல விளக்கில் எடுத்துப் போடுகிறேன்.